அப்பாவின் தட்டில் எவ்வளவு உப்பு?

இருதயம் பலவீனப்பட்டவர் உள்ள வீடுகளுக்கு ஒரு கணக்கு

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு வருட காலம் சமைத்ததெல்லாம் அந்தப் பழமொழிக்கு உதாரணமாகத்தான் இருந்தது. சமைத்தவர் அம்மா. உப்பு டப்பாவை எடுத்து அலமாரியில் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து கொண்டவள் நான்.

என் அப்பா கேரித் தீவில் செம்பனைக் குலை வெட்டியவர். விடியற்காலையில் கஞ்சியும் சுட்ட கருவாடும் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய், மதியம் சட்டையெல்லாம் உப்புப் பூத்து வீடு திரும்பிய மனிதர். 2019-ஆம் ஆண்டு தீபாவளி முடிந்த ஒரு வாரத்தில், 71 வயதான அவருக்கு இரவில் படுக்க முடியாமல் மூச்சு முட்டியது. மூன்று தலையணை வைத்தும் பயனில்லை. எழுந்து உட்கார்ந்து வாசல் படியிலேயே விடிய வைத்தார். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. பாலத்தைத் தாண்டி நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். "இருதயச் செயலிழப்பு" என்றார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, "உப்பு சேர்க்கக் கூடாது" என்று ஒரே வரியில் சொல்லி விட்டார்கள். எவ்வளவு, எதில், ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆசிரியை அல்லவா? கட்டளையை வரிக்கு வரி நிறைவேற்றினேன். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளுக்கு, இந்த ஐந்தாறு ஆண்டுகளில் டாக்டர்களிடமும் தாதியரிடமும் உணவியல் அதிகாரியிடமும் கேட்டும், படித்தும் தெரிந்து கொண்ட பதில்களை இங்கே எழுதுகிறேன். இப்படி ஒரு நோயாளியைப் பார்த்துக் கொண்டிருக்கும் வீடு தோட்டத்திலும் பட்டணத்திலும் பல உண்டு. அவர்களுக்கு இது உதவட்டும்.

இருதயம் நின்றுவிட்டதா?

"செயலிழப்பு" என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அழுதே விட்டார். இருதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. இருதயம் ஒரு பம்பு. மாரடைப்பு, நெடுநாளைய இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இருதய வால்வுக் கோளாறு, மிதமிஞ்சிய மது முதலிய காரணங்களால் அந்தப் பம்பு தளர்ந்து போகிறது; அல்லது விறைத்துப் போய்ச் சரியாக விரிய மறுக்கிறது. உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள முடிவதில்லை. அதுதான் இந்த வியாதி.

இது கிழவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைத்துவிடக் கூடாது. மலேசியா உட்பட ஆசிய நாடுகளின் நோயாளிகளைக் கணக்கெடுத்துப் பார்த்ததில், அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 60 என்று தெரிந்தது. மேல் நாடுகளில் உள்ளவர்களைவிட நம்மவர்களுக்குச் சுமார் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இது வந்துவிடுகிறது. நீரிழிவும் இவர்களிடம் அதிகம்.

சரி, பம்பு தளர்ந்தால் கால் ஏன் வீங்க வேண்டும்? உப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

தண்ணீர்க் கதவின் கதை

கேரித் தீவில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. நம் தீவின் பெரும் பகுதி தாழ்ந்த நிலம். கடல் நீர் உள்ளே புகாமல் சுற்றிலும் மண்கரை கட்டியிருக்கிறார்கள். மழை பெய்து வாய்க்காலில் நிறையும் நீர், கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர்க் கதவு வழியே வெளியேற வேண்டும். அந்தக் கதவு சரியாகத் திறக்காவிட்டால் என்ன ஆகும்? செம்பனைக்கு அடியில் நீர் தேங்கும். மரம் நிற்கும், வேர் அழுகும்.

நம் உடம்பில் அந்தத் தண்ணீர்க் கதவுதான் சிறுநீரகம். இருதயம் நன்றாக அடிக்கும்போது, தேவைக்கு மேற்பட்ட உப்பையும் நீரையும் அது சிறுநீராக வெளியேற்றி விடுகிறது. இருதயம் தளரும்போது சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. சிறுநீரகமோ, "உடம்பில் நீர் வற்றிவிட்டது போலிருக்கிறது" என்று தவறாகக் கணக்குப் போட்டு, கதவைச் சாத்திக் கொள்கிறது. சில சுரப்பு நீர்கள் இதற்குத் தூண்டுகோலாக இருக்கின்றன. உப்பு உள்ளேயே தங்குகிறது. உப்பு தங்கும் இடத்தில் தண்ணீரும் தங்கும்.

எவ்வளவு தங்கும்? மருத்துவமனையில் கையில் ஏற்றும் உப்புநீர் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். உடம்பின் உப்புச் செறிவுக்கு ஏறத்தாழ ஈடாக, அதில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்திருக்கிறது. ஆகவே, வெளியேற வேண்டிய 9 கிராம் உப்பு உடம்பிலேயே தங்கினால், சுமார் ஒரு லிட்டர் நீரும் கூடவே தங்கும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. இந்தச் சிறு கணக்கை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தங்கிய நீர் பகலில் கீழே இறங்கிக் காலை வீங்க வைக்கிறது. இரவில் படுத்தவுடன் அதில் ஒரு பகுதி நெஞ்சுப் பக்கம் திரும்பி வருகிறது. அதனால்தான் படுத்தால் மூச்சு முட்டுகிறது. எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தேவலை என்றிருக்கிறது. அப்பா வாசல் படியில் விடிய வைத்ததன் காரணம் இதுதான்.

நான் செய்த பிழை

இனி என் கதைக்கு வருகிறேன். உப்பு என்பதே விஷம் என்று முடிவு கட்டினேன். சோற்றில் இல்லை, குழம்பில் இல்லை, ரசத்தில் இல்லை. முதல் வாரம் அப்பா முணுமுணுக்காமல் சாப்பிட்டார். இரண்டாம் வாரம் பாதித் தட்டோடு எழுந்தார். ஒரு நாள், "டீச்சரம்மா, மண்ணைத் திங்கிற மாதிரி இருக்கு. இதுக்குப் பட்டினி கிடக்கலாம்" என்று தட்டைத் தள்ளி வைத்தார். நான் சத்தம் போட்டேன். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

2020-இல் ஊரடங்கு வந்தது. வெளியே போக வழியில்லை. கிளினிக்கிலும் தேதி தள்ளிப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள், வீக்கமெல்லாம் வடிந்தபின் 58 கிலோ இருந்த அப்பா 51 கிலோவுக்கு இறங்கிவிட்டார். நான் நல்ல அடையாளம் என்று நினைத்தேன். அது நீர் வடிந்ததல்ல, தசை கரைந்தது. கையெல்லாம் குச்சியாகிவிட்டது. குலைக்கத்தியைத் தூக்கிய தோள், சட்டையில் தொங்கியது.

வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு கட்டுப்பாட்டிலும் ஒரு தடவை கால் வீங்கத்தான் செய்தது. எப்படி? நான் பள்ளிக்கூடம் போன பிறகு, அம்மாதான் மனம் பொறுக்காமல் நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூலம் கடையிலிருந்து ரொட்டி சானாயும் குழம்பும் வந்திருக்கிறது. என் சாவி அலமாரியைப் பூட்டியது, தெருவைப் பூட்டவில்லை.

2021-இல் ஓர் உணவியல் அதிகாரியைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. இளம் பெண், என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். அப்பாவின் எடைச் சீட்டைப் பார்த்தவர், என்னைத் திட்டவில்லை. "டீச்சர், உப்பைக் குறைக்கணும்னுதான் சொல்றோம். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லலையே" என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னை ஊமையாக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இருதய நோயாளிக்கு உப்பைக் குறைக்கச் சொல்லும் வழக்கம் மிகப் பழையது. ஆனால், எவ்வளவு குறைத்தால் எவ்வளவு நன்மை என்று அளந்து பார்த்த ஆராய்ச்சிகள் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், அதுவரை நடந்த தரமான சோதனைகளைத் தேடித் தொகுத்தார்கள். தேறியவை ஒன்பது, அவற்றில் இருந்த நோயாளிகள் மொத்தம் 479 பேர். உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

அதற்கு முன், 2012-இல், உப்பை மிகவும் குறைத்தால் மரணம் கூடுகிறது என்று ஒரு தொகுப்புக் கட்டுரை வெளிவந்து பலரைக் குழப்பியது. அது ஆதாரமாகக் கொண்ட தரவுகள் மேலேயே சந்தேகம் எழுந்ததால், மறு ஆண்டே அந்தக் கட்டுரை மீட்டுக் கொள்ளப்பட்டது. ஆகவே, அதைச் சொல்லி "உப்பு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று யாராவது வாதாடினால் நம்ப வேண்டாம்.

2013-இல் பிரேசில் நாட்டில் ஒரு சோதனை. மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 75 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிராம் உப்பும் 800 மில்லிலிட்டர் நீரும் மட்டுமே; மறு பாதிப் பேருக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. மூன்று நாளில் இரு சாராருக்கும் எடை ஒரே மாதிரிதான் இறங்கியது. கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குத் தாகம் மட்டும் அதிகமாக இருந்தது.

இதுவரை நடந்தவற்றில் மிகப் பெரியது 2022-இல் வெளிவந்தது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மெக்சிகோ, கொலம்பியா, சிலி ஆகிய ஆறு நாடுகளில் 806 நோயாளிகள் இதில் பங்கெடுத்தார்கள். ஒரு சாராரை நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்கச் சொன்னார்கள். அதாவது 4 கிராமுக்கும் சற்றுக் குறைவான உப்பு. மற்றவர்களுக்கு வழக்கமான பொது ஆலோசனை. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். மரணம், இருதயக் கோளாறால் மருத்துவமனையில் சேர்தல், அவசரப் பிரிவுக்கு ஓடுதல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில், கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் 100-க்கு 15 பேர். மற்றவர்களில் 100-க்கு 17 பேர். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்பதால், பலன் நிரூபணமாகவில்லை என்றுதான் எழுதினார்கள். ஆனால், கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குக் களைப்பும் மூச்சிரைப்பும் சற்றுக் குறைந்து, அன்றாட வாழ்க்கை கொஞ்சம் இலகுவாயிற்று.

இதைப் படித்ததும் என் மனம் குமைந்தது. அப்படியானால் அப்பாவை ஒரு வருடம் வீணாகவா வதைத்தேன்? "பார்த்தியா, உப்புனால ஒண்ணுமில்லேன்னு வெள்ளைக்கார டாக்டரே சொல்லிட்டான்" என்று அப்பா கொண்டாடினார். இரண்டு பேரும் அவசரப்பட்டு விட்டோம். கணக்கை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த 806 பேரும் சோதனை தொடங்கும்போதே நாளொன்றுக்கு ஐந்தரை கிராம் அளவில்தான் உப்புச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். முடிவில் ஒரு சாரார் சுமார் 4 கிராமிலும், மறு சாரார் சுமார் 5 கிராமிலும் இருந்தார்கள். ஆக, அந்தச் சோதனை ஒப்பிட்டது ஐந்தையும் நான்கையும். எட்டையும் ஐந்தையும் அல்ல. பத்தையும் ஐந்தையும் அல்ல.

நாம் எங்கே நிற்கிறோம்?

மலேசியாவில் 2017, 2018-ஆம் ஆண்டுகளில் பெரியவர்களின் உப்பு அளவைக் கணக்கெடுத்தார்கள். "எவ்வளவு உப்புப் போடுவீர்கள்?" என்று வாயால் கேட்டால் சரியான பதில் வராது என்பதால், 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோதித்தார்கள். நாளொன்றுக்குச் சராசரி 7.9 கிராம் உப்பு என்று தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் ஆரோக்கியமானவர்களுக்கே சொல்லும் வரம்பு 5 கிராமுக்குக் கீழ். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நம் நாட்டில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் அந்த வரம்பைத் தாண்டியிருந்தார்கள்.

ஐரோப்பிய இருதய மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இருதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்குவது நம் கடமை. ஐந்திலிருந்து பூஜ்யத்துக்குக் குதிக்கச் சொல்லி எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை. நான் செய்தது அந்தக் குதிப்பைத்தான். அப்பா செய்ய நினைத்தது எட்டிலேயே உட்கார்ந்து கொள்வதை.

உங்கள் வீட்டில் எவ்வளவு?

உப்புப் பொட்டலம் பிரிக்கும்போது அதன் மேல் தேதி எழுதி வையுங்கள். முடியும்போது மறுபடி பாருங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 21 நாளில் தீர்ந்தால், தலைக்கு நாளொன்றுக்கு ஒன்பதரை கிராம். மீன் கழுவியதும் வடித்துக் கொட்டியதும் போக மீதி வயிற்றுக்குள்தான். கருவாடு, கிச்சாப் கணக்கெல்லாம் இதற்கு வெளியே. எங்கள் வீட்டில் அம்மா இதைச் செய்து பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுலயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பொட்டலத்தில் வரும் பொருள்களின் பின்புறம் சோடியம் அளவு அச்சிட்டிருப்பதைக் காணலாம். மலாய் மொழியில் "நாத்ரியம்" என்று இருக்கும். அந்த மில்லிகிராமை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2,000 மில்லிகிராம், அதாவது 2 கிராம் உப்பு. நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள். சந்தோஷமாகப் பெருக்கித் தரும்.

உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் இவை. கருவாடு, நெத்திலி, பிளாச்சான், உப்பு முட்டை. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய். கிச்சாப், கறுப்பாக இருப்பதால் அதில் உப்பு இருப்பதே தெரிவதில்லை. உப்புக் கிச்சாப் ஒரு மேசைக்கரண்டியில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு உண்டு. பொட்டல மீ, தூளை முழுக்கக் கொட்டிச் சாப்பிட்டால் ஒரு நாள் அளவில் பாதி, சிலவற்றில் அதற்கும் மேல், ஒரே வேளையில் முடிந்துவிடும். டின் மீன், கடை முறுக்கு, இரவுச் சந்தையில் வாங்கும் வறுவல். அஜினோமோட்டோவிலும் சோடியம் உண்டு. உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. கல் உப்பு, இந்துப்பு, விலை உயர்ந்த இளஞ்சிவப்பு உப்பு எல்லாம் இந்தக் கணக்கில் ஒன்றுதான். நிறம் மாறினாலும் சோடியம் மாறுவதில்லை.

மருந்து ரூபத்திலும் உப்பு வரும். வயிற்று உப்புசத்துக்கு நீரில் கரைத்துக் குடிக்கும், நுரைத்துப் பொங்கும் தூளில் சோடியம் நிறைய. மூட்டு வலிக்கு நாமாகக் கடையில் வாங்கும் இபுபுரோபன், டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகளில் உப்பு இல்லை; ஆனால், அவை சிறுநீரகத்தின் கதவைச் சாத்தி உப்பையும் நீரையும் உள்ளே பிடித்து வைத்துவிடும். இருதய நோயாளிக்கு டாக்டரைக் கேட்காமல் இவற்றைக் கொடுக்கவே கூடாது.

ஓர் எச்சரிக்கை

அந்த 2021-ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் இன்னொரு சம்பவமும் நடந்தது. கிள்ளானில் இருக்கும் என் தம்பி, "உப்புக் குறைந்த உப்பு" என்று பேரங்காடியில் ஒரு டப்பா வாங்கி வந்தான். ருசி உப்பைப் போலவே இருந்தது. அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. தாராளமாகத் தூவிக் கொண்டார். இரண்டு வாரத்தில் கால் தளர்ந்து, எழுந்து நடக்கத் தடுமாறினார். கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறியிருந்தது. "புதுசா ஏதாவது சாப்பிடுறாரா?" என்று தாதி கேட்டபோதுதான் டப்பாவின் ஞாபகம் வந்தது.

அவ்வகை உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியத்தைச் சேர்க்கிறார்கள். அது கெட்ட பொருள் அல்ல. சீனாவில் 600 கிராமங்களில், 20,995 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடையே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால், கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களையும் அந்த ஆராய்ச்சியில் சேர்க்கவே இல்லை. இருதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் அத்தகைய மாத்திரைதான். வேறு சில இருதய மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக் கூடியவை. பொட்டாசியம் மிகவும் ஏறினால் இருதயத் துடிப்பே தாறுமாறாகி உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆகவே, இந்த நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொட வேண்டாம். தினமும் இளநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிக் கேட்டுக் கொள்ளுங்கள். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம்.

அம்மாவின் புதுச் சமையல்

இப்போது எங்கள் வீட்டில் உப்பு டப்பாவுக்குப் பூட்டு இல்லை, அளவு உண்டு. அப்பாவின் ஒரு நாள் உப்பைக் காலையில் ஒரு சிறு கிண்ணத்தில் அம்மா எடுத்து வைத்துவிடுவார். குழம்பு கொதிக்கும்போது உப்புப் போடுவதில்லை. அப்பாவின் பங்கைத் தனியே எடுத்து, இறக்கும் தறுவாயில் போடுகிறார். நாக்கில் முதலில் படுவதால் கொஞ்ச உப்பே போதுமானதாகத் தோன்றுகிறது. சோறு வடிக்கையில் உப்பே கிடையாது.

உப்பு விட்ட இடத்தைப் புளியும் எலுமிச்சையும் மிளகும் பூண்டும் இஞ்சியும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் நிரப்புகின்றன. ரசம் தூக்கலாக இருந்தால் அப்பா கேள்வி கேட்பதில்லை. பச்சை மீனைப் புளியும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி வறுத்தால், உப்புக் குறைந்தது தெரிவதே இல்லை. நாக்கு பழகச் சில வாரங்கள் பிடிக்கும். ஒரே நாளில் குறைக்காமல் படிப்படியாகக் குறைத்தால் சண்டையும் இருக்காது. குடும்பம் முழுவதற்கும் சேர்த்துக் குறைத்துவிட்டால் இன்னும் நல்லது. நோயாளி மட்டும் தனித் தட்டில் சாப்பிடும் துக்கமும் நீங்கும், பிள்ளைகளுக்கு நாளைக்கு இரத்தக் கொதிப்பு வராமலும் காக்கலாம்.

கருவாடு? அதையும் முற்றாக விலக்கவில்லை. உணவியல் அதிகாரியைக் கேட்டுக்கொண்டு, மாதத்தில் ஒரு நாள், இரண்டு முறை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த ஒரு சிறு துண்டு. அன்றைக்கு வேறெதிலும் உப்புக் கிடையாது. அந்த ஒரு நாளுக்காக அப்பா மீதி 29 நாளும் ஒழுங்காக இருக்கிறார்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லி விடுகிறேன். இந்த நோயாளிகள் எல்லாருமே நீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். நெதர்லாந்தில் நோய் நிலையாக இருந்த 504 பேரிடம் நடத்தி 2025-இல் வெளியிட்ட சோதனையில், ஒன்றரை லிட்டர் என்று கட்டுப்படுத்தியதால் தனி நன்மை எதுவும் தெரியவில்லை, தாகம்தான் கூடியது. ஆனால், உங்கள் டாக்டர் குறிப்பிட்ட அளவைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒவ்வொருவரின் நிலையும் வேறு.

தராசு பொய் சொல்லாது

9 கிராம் உப்பு, ஒரு லிட்டர் நீர், ஒரு கிலோ எடை என்று முன்பு சொன்னேன் அல்லவா? அதனால்தான் இந்த நோயாளியின் வீட்டில் எடை பார்க்கும் தராசு இருக்க வேண்டும். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடையில் நின்று பார்த்து, காலண்டரில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பு அல்ல, நீர். உடனே கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். கால் வீக்கம் கூடினாலும், தலையணை ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டாலும், இரவு இருமல் தொடர்ந்தாலும் அப்படியே. உட்கார்ந்த நிலையிலும் மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ கிளினிக்குக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

2023-இல் பந்திங்கில் ஒரு கல்யாணம். பந்தியில் சாம்பார், ஊறுகாய், அப்பளம். மறுநாள் மாப்பிள்ளை வீட்டு விருந்து. அப்பாவை யாராலும் தடுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை தராசு 2.3 கிலோ கூடுதலாகக் காட்டியது. கால் இன்னும் வீங்கவில்லை. மூச்சும் சரியாகத்தான் இருந்தது. அன்றே கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் சில நாளுக்கு நீர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். எடை இறங்கியது. மருத்துவமனையில் படுக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. 2019-இல் இந்தத் தராசு எங்கள் வீட்டில் இருந்திருந்தால், அப்பா வாசல் படியில் விடிய வைத்திருக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. உப்பைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையைக் குறைக்கக் கூடாது. இந்த வியாதியில் ஆயுளை நீட்டிப்பதாக ஆராய்ச்சிகள் தெளிவாக நிரூபித்திருப்பது மருந்துகளைத்தான். உப்புக் கட்டுப்பாடு அதற்குத் துணை. அதற்குப் பதில் அல்ல. மாத்திரை தீர்வதற்குமுன் கிளினிக்குக்குப் போகும் வீடே பாதிக் கிணறு தாண்டிய வீடு.

உங்களுக்கு டாக்டர் "உப்பு சேர்க்கக் கூடாது" என்று ஒரு வரியில் சொன்னால், எழுந்து வந்துவிடாதீர்கள். "எவ்வளவு டாக்டர்? எந்த உப்பு? வேறு என்ன சாப்பிடலாம்?" என்று கேளுங்கள். மலாயில் பேசத் தயக்கமாக இருந்தால் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமல் வந்த நான், ஒரு வருடம் அப்பாவை அரைப் பட்டினி போட்டேன்.

அப்பாவின் எடை இப்போது 56 கிலோ. சாயங்காலம் மண்கரை வரை மெல்ல நடந்து, தண்ணீர்க் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். போன வாரம் கருவாட்டு நாள். சின்னத் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு நான் நின்றேன். பாதியைப் பிட்டு என் பக்கம் நீட்டி, "நீயும் சாப்பிடு, டீச்சரம்மா. உப்பு கொஞ்சமாத்தான் இருக்கு" என்றார்.